‘ஸ்கேனில் ஒன்றுமில்லை’ என்றால் எதில் ஒன்றுமில்லை?

“ஸ்கேன் எடுத்தாச்சுக்கா, கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லன்னுட்டாங்க.” கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் பேருந்தில், மடியில் மஞ்சள்பையோடு அமர்ந்திருந்த ஒரு பெண் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்ன வாக்கியம் இது. டெல்டாவில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் குறைவு. வெள்ளைப்படுதலுக்காக மருத்துவமனைக்குப் போனவரும், இடுப்பு வலிக்காகப் போனவரும், தீட்டு நின்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ரத்தம் பட்டதால் பயந்து போனவரும் திரும்பி வரும்போது இதே நிம்மதியைத்தான் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். இம்மூவரில் ஒருவருக்கு அந்த நிம்மதி பெரும்பாலும் நியாயமானது. மற்ற இருவருக்கு அந்த ஸ்கேன், அவர்கள் பயந்த கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை என்பதுதான் உண்மை.

குழப்பம் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. நம் பேச்சுவழக்கில் ‘கர்ப்பப்பை’ என்பது அடிவயிற்றில் உள்ள எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். கர்ப்பப்பையின் வாய், கர்ப்பப்பையின் உடல், அதன் உட்சவ்வு, இரு பக்கக் கருக்குழாய்கள், சினைப்பைகள் ஆகிய அத்தனையும் அதற்குள் அடக்கம். ‘கர்ப்பப்பைப் புற்று’ என்றும் ஒரே சொல்லாகத்தான் சொல்கிறோம். ஆனால் வாயில் வரும் புற்றுக்குக் காரணம் வேறு, உட்சவ்வில் வரும் புற்றுக்குக் காரணம் வேறு, சினைப்பையில் வருவதாக நாம் நம்பிக்கொண்டிருந்த புற்று தொடங்கும் இடமே வேறு. ஆகவே ‘ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது’ என்பதும் இம்மூன்றிலும் மூன்று வேறு காரியங்களாகிறது.

கர்ப்பப்பை வாய்ப் புற்றின் கதை ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்காலத் துப்பறியும் கதை. 1842-இல் இத்தாலியின் வெரோனா நகரத்து இறப்புப் பதிவேடுகளைப் புரட்டிய ரிகோனி-ஸ்டெர்ன் என்ற மருத்துவர், கன்னியாஸ்திரீகளிடம் இந்தப் புற்று மிக அரிதாகவும் மணமான பெண்களிடம் அதிகமாகவும் இருப்பதைக் கவனித்தார். உடலுறவோடு தொடர்புடைய ஏதோ ஒன்று காரணம் என்பது அப்போதே புலப்பட்டாலும், அந்த ஏதோ ஒன்றைப் பிடிக்க அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஆயிற்று. 1970-களில் பலரும் ஹெர்பிஸ் வைரஸைச் சந்தேகித்தபோது, ஜெர்மானியரான ஹரால்ட் சுர் ஹவுசன் மருவை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் (ஹெச்.பி.வி.) குடும்பத்தின் மீதே கண்வைத்திருந்தார். 1983-இல் அக்குடும்பத்தின் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டு 18-ஆம் வகையையும் அவரது குழு புற்றுத் திசுக்களிலிருந்தே பிரித்தெடுத்தது. உலகில் ஏற்படும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளில் சுமார் 70 சதவீதத்துக்கு இவ்விரு வகைகளே பொறுப்பு. 2008-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வைரஸ் செய்யும் வேலை நுட்பமானது. அதன் இ6 என்ற புரதம், கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற காவலரை அழிக்கிறது. இ7 என்ற புரதம், செல் பெருகுவதைக் கட்டுக்குள் வைத்திருக்கும் ஆர்பி புரதத்தை முடக்குகிறது. இரண்டு கட்டுகளும் அவிழ்ந்த செல் பெருகத் தொடங்கினாலும் அது உடனே புற்றாகிவிடுவதில்லை. தொற்று ஏற்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே வைரஸை விரட்டிவிடுகிறது. விரட்ட முடியாமல் தங்கிப்போன சிலரிடம், வழக்கமாகப் பத்திலிருந்து இருபது ஆண்டுகள் கழித்தே புற்று உருவாகிறது. அந்த நீண்ட இடைவெளிதான் மருத்துவத்துக்குக் கிடைத்த வரம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். உடலுறவால் தொற்றுகிறது என்ற ஒற்றை வரி ஊரில் வேறு மாதிரி ஒலிக்கிறது. பரிசோதனைக்குப் போனாலே ‘அவளுக்கு என்னவோ’ என்று பேசும் தெருக்கள் நம்மிடம் உண்டு. மணவாழ்வில் இருக்கும் ஆண், பெண் இருபாலரில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இவ்வைரஸைச் சந்திப்பவர்கள்தாம். கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் இது வரும். ஜலதோஷத்தை யாரும் ஒழுக்கத்தோடு சேர்த்துப் பேசுவதில்லை. இதையும் அப்படிப் பேச நியாயம் இல்லை.

தொற்று எல்லாருக்கும் வருகிறது என்றால் புற்று சிலருக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கும் ஆய்வுகள் ஓரளவு பதில் வைத்திருக்கின்றன. புகைபிடித்தல், அதிகமான பிரசவங்கள், இளவயதில் முதல் பிரசவம், எச்.ஐ.வி. தொற்று ஆகியவை உறுதியான துணைக்காரணிகள். கும்பகோணம் வெற்றிலையின் பேர் பெற்ற நம் பகுதிக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு: அடையாறு புற்றுநோய் நிறுவனத்தைச் சேர்ந்தோரும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து சென்னையில் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வு, வெற்றிலை பாக்கு போடும் பழக்கமுள்ள பெண்களிடம் இந்தப் புற்று கூடுதலாக இருப்பதைக் காட்டியது. நோயுற்றவரையும் நோயற்றவரையும் ஒப்பிடும் இவ்வகை ஆய்வு தொடர்பைக் காட்டுமே தவிர காரணத்தை நிரூபித்துவிடாது. ஊரார் சொல்லும் காரணங்களான ‘உடம்புச் சூடு’, சேற்றில் நாள்முழுக்க நின்று நடவு நடுவது போன்றவை எந்தக் கணக்கிலும் வரவில்லை. ஆனால் அந்த நம்பிக்கை வெந்தயத்திலும் மோரிலும் மாதக்கணக்கில் காலத்தைக் கடத்திவிடுகிறது என்பதால் அதையும் பொருட்படுத்தத்தான் வேண்டியிருக்கிறது.

இனி கண்டறிதலுக்கு வருவோம். புற்றுக்கு முந்தைய மாற்றம் கர்ப்பப்பை வாயின் மேல்தோலில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில் நடக்கிறது. வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனுக்கு அது கண்ணுக்கே தெரியாது. தெரியும் அளவுக்கு வளர்ந்திருந்தால் முன்கூட்டிக் கண்டுபிடிக்கும் கட்டம் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். இந்த இடத்தில் தேவைப்படுவது நேரடிப் பார்வை, அல்லது செல், அல்லது வைரஸின் மரபணு. பாபனிக்கோலாவ் 1940-களில் நிலைநாட்டிய பேப் ஸ்மியர், உதிரும் செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. மேலைநாடுகளில் இந்நோயைப் பெருமளவு குறைத்தது அதுதான். ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற கண்களும், ஆய்வகமும், முடிவு வந்ததும் மறுபடி வரக்கூடிய பெண்ணும் வேண்டும். இம்மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது நம் கிராமப்புறத்தில் எளிதன்று.

அதனால்தான் அசிட்டிக் அமிலச் சோதனை இந்தியாவில் இவ்வளவு முக்கியத்துவம் பெற்றது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் திரை மறைத்த அறையில் இது நடக்கும் விதம் மிகச் சாதாரணமானது. மேசையில் படுத்த பெண்ணின் பிறப்புறுப்பை ஸ்பெகுலம் என்ற கருவியால் மெல்ல விரித்து, விளக்கை அருகே இழுத்து, சமையலுக்கு விற்கும் வினிகரின் வீரியமே உள்ள 3 முதல் 5 சதவீத அமிலத்தில் நனைத்த பஞ்சை நர்ஸ் கர்ப்பப்பை வாயில் வைக்கிறார். அறையில் ஊறுகாய் வாடை லேசாகப் பரவுகிறது. ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். மாறுதலடைந்த செல்களில் உட்கருவும் புரதமும் மிகுதி என்பதால், அமிலம் பட்டதும் அந்த இடம் மட்டும் விளிம்பு தெளிந்த வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஆரோக்கியமான தோல் இளஞ்சிவப்பாகவே இருக்கும். முடிவு அங்கேயே, அப்போதே தெரிந்துவிடுகிறது. நுண்ணோக்கியும் வேண்டாம், தபாலும் வேண்டாம்.

இந்த எளிய சோதனை உயிரைக் காக்குமா என்பதை நிரூபித்தது தமிழ்நாடுதான் என்பதை நாம் போதுமான அளவு சொல்லிக்கொள்வதில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில், அம்பிளிக்கை கிறிஸ்தவ மருத்துவ மையத்தைச் சேர்ந்தவர்களும் ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான பன்னாட்டுக் குழுவும் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையுள்ள பெண்களுக்கு ஒரே ஒரு முறை இச்சோதனை செய்ததாலேயே நோய் 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைந்தது. அதையடுத்து மும்பை ஆய்வில் 31 சதவீதம் இறப்புக் குறைவு தெரிந்தது. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, வைரஸின் மரபணுவைத் தேடும் ஹெச்.பி.வி. சோதனை ஒருமுறை செய்தாலே இறப்பு ஏறக்குறையப் பாதியாகிறது என்று காட்டியது. வைரஸ் இல்லை என்று முடிவு வந்த பெண்களில், தொடர்ந்து கண்காணித்த எட்டு ஆண்டுகளில் இந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை.

இந்த ஆய்வுகளுக்கு ஒரு நிழலும் உண்டு. ஒப்பிடுவதற்காக வைக்கப்பட்ட குழுவில் இருந்த பெண்களுக்குச் சோதனை செய்யப்படவில்லை. நோய் பற்றிய விளக்கமும், எங்கே போய்ச் சோதித்துக்கொள்ளலாம் என்ற தகவலுமே கிடைத்தன. அவர்களில் பலர் இறந்தார்கள் என்பது பின்னாளில் கடுமையான அறவியல் விவாதமாயிற்று. அன்றைய இந்தியாவில் வழக்கமான சிகிச்சை என்பதே ‘சோதனை இல்லாமை’தான் என்பது ஆய்வாளர்களின் வாதம். வாதம் உண்மையாக இருந்தாலும், அது நம் சுகாதார அமைப்பின் மீதான தீர்ப்புதான் என்று நான் படிக்கிறேன்.

டெல்டாவுக்கு இதில் நேரடிப் பங்கு உண்டு. உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம், அசிட்டிக் அமிலச் சோதனையை அரசு மருத்துவமனைகளில் முதலில் முயன்று பார்க்கத் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்கள் தேனியும் தஞ்சாவூரும்தாம். பிறகே அது மாநிலம் முழுதும் விரிந்தது. இவ்வளவு முன்னால் தொடங்கியும், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான சோதனையை எப்போதாவது செய்துகொண்டவர் 9.8 சதவீதமே. அகில இந்திய அளவு 1.9 என்பதைப் பார்த்து நாம் பெருமைப்படலாம். உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு வைத்திருக்கும் இலக்கு 70 சதவீதம் என்பதைப் பார்த்தால் அந்தப் பெருமை நிற்காது. இந்தியாவில் 2022-இல் மட்டும் சுமார் 1,27,000 பேருக்கு இந்நோய் புதிதாக வந்திருக்கும் என்றும், ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருப்பர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது.

சோதனையைவிடப் பெரிய ஓட்டை அதற்குப் பிறகு இருக்கிறது. வெள்ளைத் திட்டு தெரிந்த பெண் கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்க்கும் இடத்துக்கும், தேவைப்பட்டால் திசு எடுத்துப் பார்க்கும் மருத்துவமனைக்கும் போக வேண்டும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து தஞ்சை அரசு மருத்துவமனைக்குப் போவது என்றால் ஒரு நாள் கூலி, இரண்டு பேருந்து, வீட்டில் சொல்ல ஒரு காரணம். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து குறுவை நடவு தொடங்கிவிட்டால், பிறகு சம்பா, தாளடி என்று தை அறுவடைவரை அந்த ஒரு நாள் கிடைப்பது அரிது. நோயே இல்லாததுபோல் உடம்பு நன்றாக இருக்கும்போது யார் கூலியை விட்டுப் போவார்கள்? இதற்கு ஆய்வு கண்ட விடை, அதே நாளில் அதே மேசையில் சிகிச்சையையும் முடித்துவிடுவது. சுமார் நூறு டிகிரி வெப்பமுள்ள சிறு முனையை மாறுதலடைந்த இடத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக வைத்து எடுக்கும் வெப்பச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவையில்லை. எல்லாத் திட்டுக்கும் அது பொருந்தாது. கர்ப்பப்பை வாயின் உட்குழலுக்குள் திட்டு நீண்டிருந்தாலோ புற்று என்ற ஐயம் இருந்தாலோ பெரிய மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

அமிலச் சோதனைக்கு வயதும் ஒரு வரம்பு. மாதவிலக்கு நின்ற பிறகு, மாற்றம் நிகழும் பகுதி உட்குழலுக்குள் பின்வாங்கிவிடுவதால், ஐம்பது வயதைக் கடந்தவரிடம் ‘திட்டு இல்லை’ என்ற முடிவுக்கு மதிப்பு குறைவு. உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் ஹெச்.பி.வி. சோதனையை முதன்மையாகப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கான மாதிரியைப் பெண்ணே தனியறையில் பஞ்சுக்குச்சியால் எடுத்துக் கொடுக்கலாம் என்பது, ஸ்பெகுலத்தையும் அந்நியர் பார்வையையும் நினைத்துத் தயங்கும் நம் பெண்களுக்குப் பெரிய மாறுதல்.

ஹெச்.பி.வி. தடுப்பூசியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனெனில் அதன் அறிவியலில் இப்போது சந்தேகம் குறைவு. ஸ்வீடனில் 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்ட பெண்களிடம் நோய் 88 சதவீதம் குறைந்ததை 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு தவணை போதும் என்ற இன்றைய கொள்கையின் வேர்களில் ஒன்று இந்தியாவில் நடந்த ஒரு விபத்து. 2009-இல் வெவ்வேறு மாநிலங்களில் சிறுமிகளுக்கு இரண்டு, மூன்று தவணைகளை ஒப்பிடும் ஆய்வு தொடங்கியது. அதே காலத்தில் கம்மம், வதோதரா பகுதிகளில் நடந்த வேறொரு திட்டத்தில் பெற்றோர் ஒப்புதல் பெற்ற முறை சர்ச்சையாகி, 2010-இல் எல்லா ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளும் நிறுத்தப்பட்டன. பாதியில் நின்றதால் ஏறத்தாழ 5,000 சிறுமிகள் ஒரு தவணையோடு நின்றுபோனார்கள். பத்தாண்டு கண்காணித்தபோது, அவர்களுக்கும் மற்றவர்களுக்கு நிகரான பாதுகாப்பு இருந்தது. 2022-இல் உள்நாட்டுத் தயாரிப்பான செர்வாவேக் அனுமதி பெற்றது. ஏற்கெனவே தங்கிவிட்ட வைரஸை ஊசி விரட்டாது. மகளுக்குப் போட்ட ஊசி அம்மாவுக்கான சோதனைக்கு ஈடாகாது.

கர்ப்பப்பை வாயில் பெற்ற இந்த வெற்றியை அப்படியே சினைப்பைக்குக் கொண்டுபோகலாம் என்று மருத்துவ உலகம் நம்பியது. ஸ்கேனும், 1980-களில் அறிமுகமான சிஏ-125 என்ற ரத்தச் சோதனையும் கையில் இருந்தன. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை 2001 முதல் சேர்த்து, அவர்களில் பாதிப் பேரை ஆண்டுதோறும் சோதித்து, சராசரியாகப் பதினாறு ஆண்டு கண்காணித்த மாபெரும் ஆய்வின் இறுதி முடிவு 2021-இல் வந்தது. ரத்தச் சோதனையை முதலில் வைத்த குழுவில் புற்று முன்கட்டத்தில் பிடிபட்டது உண்மை. ஆனால் எந்தக் குழுவிலும் இறப்பு குறையவில்லை. முன்னதாகத் தெரிவதும் பிழைப்பதும் ஒன்றல்ல என்ற கசப்பான பாடத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. நோய்க்குறியோ குடும்ப வரலாறோ இல்லாத பெண்ணுக்கு ‘மாஸ்டர் செக்கப்’ என்ற பெயரில் சிஏ-125 எழுதுவது நம் நகரங்களில் நடக்கிறது; உட்சவ்வு போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸிலும் வயிற்றுக் காசநோயிலும்கூட அந்த எண் ஏறும் என்பதால், அது தருவது பெரும்பாலும் தேவையற்ற பயம்தான்.

ஏன் தோற்றது என்பதற்கான ஒரு விடை நோயியல் மேசையிலிருந்து வந்தது. மார்பக, சினைப்பைப் புற்றுகளின் வாய்ப்பைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் குறைபாடுள்ள பெண்களின் அகற்றப்பட்ட உறுப்புகளை 2001-இல் ஆராய்ந்த டச்சு மருத்துவர்கள், மாற்றத்தின் முதல் தடயங்களைச் சினைப்பையில் காணவில்லை. கருக்குழாயின் விரல்போன்ற நுனியில் கண்டார்கள். மிகக் கொடிய வகைச் சினைப்பைப் புற்றுகளில் பெரும்பகுதி அங்கே தொடங்கி, மிகச் சிறிதாக இருக்கும்போதே சிதறிவிடுகிறது என்ற கருத்து இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. ஸ்கேன் பார்த்துக்கொண்டிருந்தது சினைப்பையை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2010 முதல், வேறு காரணத்துக்காக அறுவை செய்யும்போதே கருக்குழாய்களையும் எடுத்துவிடும் வழக்கம் ஊக்குவிக்கப்பட்டது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் என்று நாம் சொல்லும் குழாய்க்கட்டு அறுவைகூட இப்புற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது. மணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அந்த அறுவையைச் செய்துகொள்ளும் தமிழ்நாட்டில், கட்டுவதா முழுதாக எடுப்பதா என்பது நம் மகப்பேறு மருத்துவர்கள் பேச வேண்டிய கேள்வி.

ஆகவே சினைப்பை விஷயத்தில் சாதாரணப் பெண்ணுக்கு இருப்பது கவனம் மட்டுமே. ஐம்பதைக் கடந்தவருக்குப் புதிதாக வந்து வாரக்கணக்கில் நிற்காத வயிற்று உப்பசம், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் ஆகியவற்றை நம் வீடுகள் ‘வாயு’ என்று ஓமத் தண்ணீரில் முடித்துவிடுகின்றன. குடும்ப வரலாறு கேட்கும்போதும் அம்மா வழியை மட்டுமே சொல்கிறோம். பி.ஆர்.சி.ஏ. குறைபாடு அப்பா வழியாகவும் வரும்; மார்பகப் புற்றால் இறந்த அத்தையும் கணக்கில் சேர்த்தி.

மூன்றாவதான உட்சவ்வுப் புற்றில்தான் அந்தப் பேருந்துப் பெண்ணின் ஸ்கேனுக்கு வேலை இருக்கிறது. இதற்குக் காரணம் வைரஸ் இல்லை. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் மட்டுப்படுத்தல் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் நெடுங்காலம் உட்சவ்வைத் தூண்டிக்கொண்டிருப்பது. உடற்பருமனில் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜனை உருவாக்குவதால், நடவு இயந்திரம் வந்து உடலுழைப்பு குறைந்து, சர்க்கரைநோயும் எடையும் கூடிவரும் டெல்டாவில் இது இனி அதிகம் பேசப்படும் நோய். நல்லவேளையாக இது தன்னைத்தானே அறிவித்துக்கொள்கிறது: இந்நோயுற்ற பெண்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேருக்கு ரத்தப்போக்கு உண்டு. தீட்டு நின்ற பிறகு ரத்தம் பட்டவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும் என்றாலும், அந்த ஒருவரைப் பிரித்தறிய வேண்டும். ‘மறுபடியும் வயசுக்கு வந்துட்டேன்’ என்று கேலி செய்துவிட்டு ஆறு மாதம் விட்டுவிடுவது வழக்கமாக இருக்கிறது.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் உட்சவ்வின் தடிப்பு 4 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலிருந்தால், தீட்டு நின்றவருக்குப் புற்று இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ரத்தம் திரும்ப வந்தால் மட்டும் மீண்டும் பார்க்க வேண்டும். அதைத் தாண்டினால் மெல்லிய குழாயைச் செலுத்தித் திசு எடுப்பார்கள். அந்த எண் ஸ்கேன் சீட்டில் ‘எண்டோமெட்ரியம்’ அல்லது ‘இ.டி.’ என்ற வரிக்கு எதிரே எழுதப்பட்டிருக்கும். 9 மில்லிமீட்டர் என்பது மாதவிலக்கு ஒழுங்காக வரும் நாற்பது வயதுப் பெண்ணின் சீட்டில் சாதாரணம். தீட்டு நின்று ஏழு ஆண்டாகி, போன வாரம் ரத்தம் பட்ட பெண்ணின் சீட்டில் அதே 9 இருந்தால், திசு எடுப்பதை அறுவடை முடியட்டும் என்று தள்ளிவைக்க முடியாது.